வீசம் தெரிந்த இயந்திரத்துக்கு மா தெரியவில்லை

குமுளியில் தராசில் ஏறியபோது மூட்டையின் எடை 37.485 கிலோ. மலையிறங்கிக் கம்பம் கடைக்கு வந்து கணினியில் பதிவானபோது 37.49. வழியில் அடித்த சாரலில் ஏலக்காய் ஐந்து கிராம் ஈரம் குடித்துவிட்டது என்று கடைப் பையன்கள் சிரித்தார்கள். கணக்குப்பிள்ளை சிரிக்கவில்லை.

"தம்பி, கிலோ 2,413 ரூபாய்க்குப் போகிறது. ஐந்து கிராம் என்றால் பன்னிரண்டு ரூபாய்க்கு மேல். ஒரு மூட்டைக்கு இது. இந்தப் பன்னிரண்டு ரூபாயை நான் யார் பேரில் எழுதுவது?"

இந்தப் பள்ளத்தாக்கில் சில கடைகளுக்குக் கணக்கு மென்பொருளைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. அந்தக் கடையின் தரவுதளத்தைத் திறந்து பார்த்தேன். அட்டவணையில் எடைக்கான நெடுவரிசையில் 'டெசிமல்(10, 2)' என்று இருந்தது. எழுதியவர் கம்பம் தராசை மட்டும் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார். அது இரண்டு இலக்கம்தான் காட்டும். குமுளித் தராசு கிராம் வரைக்கும் காட்டும்.

எஸ்க்யூஎல் என்னும் வினவல் மொழியில் தசம எண்ணை அறிவிக்கும்போது அடைப்புக்குறிக்குள் வரும் அந்த இரண்டு எண்களைப் பலரும் தவறாகப் படிக்கிறார்கள். பத்து என்பது புள்ளிக்கு முன்னால் வரும் இலக்கங்கள் அல்ல, மொத்த இலக்கங்கள். அதில் இரண்டு புள்ளிக்குப் பின்னால் போனால் முன்னால் எட்டுதான் மிச்சம். 9,99,99,999.99 வரை கொள்ளும். அதற்கு மேல் ஒரு ரூபாய் சேர்த்தாலும் தரவுதளம் பொதுவாகப் பிழை சொல்லி நிறுத்திவிடும். இடப்பக்கம் அவ்வளவு காவல். வலப்பக்கமோ கேட்பாரற்றுக் கிடக்கிறது. 37.485-ஐக் கொடுத்தால் மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுதள மென்பொருள்கள் இரண்டுமே சத்தமில்லாமல் 37.49 ஆக்கி உள்ளே வைத்துக்கொள்கின்றன. பிழை இல்லை, சிவப்பு எழுத்து இல்லை. மைஎஸ்க்யூஎல் ஒரு சிறு குறிப்பு எழுதி வைக்கும். அதைத் தேடிப் போய்ப் படிப்பவர் யார்?

அடைப்புக்குறியே போடாமல் விட்டால் நிலைமை இன்னும் விசித்திரம். 'டெசிமல்' என்று மட்டும் எழுதினால் மைஎஸ்க்யூஎல் அதை (10, 0) என்று எடுத்துக்கொள்ளும். எஸ்க்யூஎல் சர்வர் என்னும் இன்னொரு தரவுதள மென்பொருள் (18, 0) என்று எடுத்துக்கொள்ளும். தசமம் என்று பெயர் வைத்துவிட்டுப் புள்ளிக்குப் பின்னால் ஒரு இலக்கம்கூடக் கிடையாது! போஸ்ட்கிரெஸில் டெசிமலின் இன்னொரு பெயரான 'நியூமரிக்' என்று மொட்டையாக எழுதினால் நேர் எதிர்: கொடுத்த இலக்கங்களை எல்லாம் அப்படியே வைத்துக்கொள்ளும்.

கம்பம் கடைக்குத் திருத்தம் ஒரு வரிதான். இரண்டை மூன்றாக்கினேன். ஆனால் பழைய மூட்டைகளின் மூன்றாவது இலக்கம் திரும்பி வரவில்லை. அது எங்குமே எழுதப்படவில்லை. குமுளியில் கம்பியில் குத்தி வைத்திருந்த எடைச்சீட்டுகளைக் கட்டாக இறக்கி, இரண்டு நாள் உட்கார்ந்து கையால் ஏற்றினோம்.

அந்த இரண்டு நாளில்தான் கடை முதலாளியின் மருமகன் ஒரு யோசனை சொன்னார். "ஏன் இலக்கத்தை எண்ணிக்கொண்டு? ஃப்ளோட் என்று போட்டுவிட்டால் எத்தனை இலக்கம் வந்தாலும் நிற்குமே." கல்லூரியில் படித்தவர், தெரியாமல் சொல்லவில்லை. ஃப்ளோட் என்பது புள்ளியை வேண்டிய இடத்துக்கு நகர்த்திக்கொள்ளும் எண் வகை. முடியாது என்று சொல்லிவிட்டேன். ஏன் என்பதை அவருக்குச் சொல்லி முடிப்பதற்குள் கணக்குப்பிள்ளை புரிந்துகொண்டார். காரணம், அவருக்குப் பழைய கணக்கு வாய்ப்பாடான எண்சுவடி தெரியும்.

ஒன்றின் பாதி அரை. அரையின் பாதி கால். காலின் பாதி அரைக்கால். அரைக்காலின் பாதி வீசம்; மாகாணி என்றும் சொல்வார்கள், பதினாறில் ஒரு பங்கு. இந்தப் பாதையில் கணினி நம்மோடு இடறாமல் நடந்து வரும். ஃப்ளோட் என்று போட்டால் அதன் உள்ளே இருப்பது இரண்டை அடியாகக் கொண்ட இரும எண்கள். பாதி, பாதியின் பாதி என்று போகிற எதையும் மிச்சமின்றி எழுதிவிடும். சுவடியில் இன்னொரு பாதையும் உண்டு. மா என்றால் இருபதில் ஒன்று. காணி எண்பதில் ஒன்று. முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. இந்த மூன்றுக்குள்ளும் ஓர் ஐந்து ஒளிந்திருக்கிறது: நாலைந்து இருபது, பதினாறைந்து எண்பது, அறுபத்துநாலைந்து முந்நூற்றிருபது. இரண்டை மட்டும் வைத்துக் குடித்தனம் நடத்துகிற இயந்திரத்தால் ஐந்தாகப் பங்கிட முடியாது. ஒரு மாவை, அதாவது 0.05-ஐ, எழுதச் சொன்னால் 0.05000000000000000277 என்று தொடங்கும் ஓர் எண்ணை எழுதி வைத்துக்கொண்டு, கேட்கும்போது 0.05 என்று காட்டுகிறது.

"அப்படியானால் வீசம் தெரியும், மா தெரியாது" என்றார் கணக்குப்பிள்ளை. இதைவிடச் சுருக்கமாக இந்த விஷயத்தை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1957 ஏப்ரல் 1-க்கு முன்னால் ரூபாய்க்குப் பதினாறு அணா. ஓர் அணா என்பது சரியாக ஒரு வீசம். அணாக் காலத்து ரூபாயை இன்றைய ஃப்ளோட்டில் போட்டிருந்தால் அணா வரைக்கும் துளி பிசகாமல் நின்றிருக்கும். (பை வேறு கதை. ரூபாய்க்கு 192 பை. அதற்குள் ஒரு மூன்று இருக்கிறது.) நயா பைசா வந்து ரூபாயை நூறாகப் பிரித்தபின், ஒரு ரூபாய்க்குள் வரும் பைசாத் தொகைகளில் ஃப்ளோட் சுத்தமாக எழுதக்கூடியவை 25, 50, 75 மட்டுமே. மீதி 96 தொகைகளும் அதற்குத் தோராயம்தான்.

தோராயம் என்றாலும் மிக நுணுக்கமான தோராயம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஃப்ளோட்டில் 'டபுள்' என்று சொல்லப்படும் 64 பிட் (எட்டு பைட்) வகை 1985-ல் வந்த ஐஇஇஇ 754 என்னும் பொதுத் தரத்தின்படி நடக்கிறது. பதினைந்து இலக்கம் வரை நம்பலாம். ஆனால் கணக்கு என்பது ஒரு கூட்டலோடு முடிவதில்லை. 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டி அதோடு 0.3-ஐச் சேர்த்தால் 0.6000000000000001 வருகிறது, 0.2-ஐயும் 0.3-ஐயும் முதலில் கூட்டி 0.1-ஐச் சேர்த்தால் 0.6 வருகிறது. கூட்டும் வரிசை மாறினால் தொகை மாறுகிறது. தரவுதளம் எந்த வரிசையில் வரிகளை எடுத்துக் கூட்டும் என்பது நம் கையில் இல்லை. பெரிய அட்டவணையைப் பல கூறுகளாகப் பிரித்து ஒரே நேரத்தில் கூட்டுகிற வசதி போஸ்ட்கிரெஸில் உண்டு. அப்போது அதே வினவலை இரண்டு முறை ஓட்டினாலும் ஃப்ளோட் நெடுவரிசையின் மொத்தம் கடைசி இலக்கங்களில் வேறுபடலாம். காலையில் ஒரு மொத்தம், மாலையில் ஒரு மொத்தம் என்றால் எந்தத் தணிக்கையாளர் கையெழுத்துப் போடுவார்?

தசம வகை இதிலிருந்து தப்பிப்பது எப்படி என்றால், அது இரண்டுக்குப் போவதே இல்லை. நாம் காகிதத்தில் வைப்பதுபோல இலக்கங்களை இலக்கங்களாகவே வைக்கிறது. போஸ்ட்கிரெஸ் நான்கு நான்கு இலக்கமாகக் கட்டி வைக்கும். மைஎஸ்க்யூஎல் ஒன்பது இலக்கத்தை நான்கு பைட்டில் அடக்கும். இதற்கு விலை உண்டு: செயலியின் வன்பொருள் இரும எண்ணுக்குப் பழகியது, தசமக் கூட்டலை மென்பொருள்தான் செய்து தர வேண்டும், ஆகவே மெதுவு. ஏலக்காய்க் கடைக்கு அந்த மெதுவு ஒரு பொருட்டே அல்ல.

ஆனால் டெசிமல் என்றால் துல்லியம் என்று மந்திரம்போல ஓதுவதும் எனக்குப் பிடிக்காது. குமுளி ஒரு காலத்தில் திருவிதாங்கூர். அங்கே ரூபாய்க்கு 28 சக்கரம், சக்கரத்துக்கு 16 காசு. இருபத்தெட்டுக்குள் ஏழு இருக்கிறது. அது இரண்டுக்கும் அடங்காது, பத்துக்கும் அடங்காது. ஒரு சக்கரத்தை ரூபாயில் எழுதினால் 0.03571428 என்று தொடங்கி 571428 முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். டெசிமல் வகை அங்கே ஃப்ளோட் அளவுக்குத்தான் கையாலாகாதது. பத்தில் முடிகிற எண்களுக்கு மட்டுமே அது துல்லியம். திருவிதாங்கூர்க் கணக்கைத் தரவுதளத்தில் வைக்க வேண்டுமானால் ஒரே வழி, எல்லாவற்றையும் காசாக மாற்றி முழு எண்ணாக எழுதுவது.

முழு எண்ணாக எழுதும் அந்த வழி இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. கைபேசிச் செயலிகளிலும் சின்னக் கடைகளின் மென்பொருள்களிலும் ஓசையில்லாமல் வேலை செய்யும் எஸ்க்யூலைட் என்னும் சிறு தரவுதளத்தில் தசம வகை என்று ஒன்று கிடையாது. 'டெசிமல்(10, 2)' என்று எழுதினால் மறுக்காது, தலையாட்டிக்கொள்ளும். உள்ளே புள்ளி வைத்த எண்ணை எட்டு பைட் ஃப்ளோட்டாகத்தான் போடும். 0.1-ம் 0.2-ம் சேர்ந்தது 0.3-க்குச் சமமா என்று கேட்டுப் பாருங்கள், இல்லை என்று பதில் வரும். அங்கே தொகையைப் பைசாவாகவும் எடையைக் கிராமாகவும் முழு எண்ணில் வைப்பதுதான் நல்லது. 37.485 கிலோ என்பது 37,485 கிராம். அதில் தகராறுக்கு இடமில்லை.

ஃப்ளோட்டைத் திட்டிக்கொண்டே இருந்தேன். அதற்குரிய இடத்தையும் சொல்ல வேண்டும். தேனி மாவட்டத்துக்காரர்கள் காலையில் செய்தித்தாளைப் பிரித்தவுடன் தேடுவது முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டம். உச்ச நீதிமன்றம் 2014-ல் 142 அடி என்று உறுதிப்படுத்திய பின்னால் ஒவ்வொரு அடிக்கும் கூடுதல் கண் உண்டு. நீர்மட்டம் ஓர் அளவீடு. அலை அடித்தால் அளவுகோலில் அரை அங்குலம் ஏறி இறங்கும். பதினைந்தாவது இலக்கத்தில் வரும் பிசகு அங்கே யாரையும் கெடுக்காது. மழை, வெப்பநிலை, நீர்வரத்து ஆகியவற்றின் சராசரிக்கும் வரைபடத்துக்கும் ஃப்ளோட் தாராளமாகப் போதும்.

அங்கேயும் ஒரு பள்ளம் உண்டு. நீர்மட்டத்தை மைஎஸ்க்யூஎல்லில் நான்கு பைட் ஃப்ளோட்டாக வைத்திருக்கிறீர்கள். மட்டம் 136.25 அடியாக இருந்த நாள்களைக் கேட்டால் பட்டியல் வருகிறது. 136.1 அடியாக இருந்த நாள்களைக் கேட்டால் ஒன்றும் வருவதில்லை. அட்டவணையில் 136.1 என்று கண்ணால் பார்க்க முடிகிறது, வினவலுக்கு மட்டும் அகப்படவில்லை. 136.25 என்பது நூற்று முப்பத்தாறே கால். கால் கணினிக்குத் தெரியும். 136.1-ஐ அது 136.100006103515625 என்று வைத்திருக்கிறது. நீங்கள் கேட்கும் 136.1-ஐ எட்டு பைட் அகலத்தில் வைத்து ஒப்பிடும்போது இரண்டும் வேறு வேறு எண்கள். ஃப்ளோட்டை 'சமம்' என்று கேட்கக் கூடாது. இதிலிருந்து இதுவரை என்று எல்லை கொடுத்துக் கேட்க வேண்டும். புதிதாக வேலைக்கு வந்த ஒரு பையன் அரை நாள் இதில் தலையைப் பிய்த்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பையன் நான்தான்.

எண்ணை எப்படி வைப்பது என்பது ஒன்று. எங்கே சுருக்குவது என்பது இன்னொன்று. என் அனுபவத்தில் சண்டை வருவது பெரும்பாலும் இரண்டாவதில்தான்.

அதே மூட்டையை எடுத்துக்கொள்வோம். 37.485-ஐ 2,413-ஆல் பெருக்கினால் 90,451.305. பைசாவுக்குச் சுருக்கினால் 90,451.31. ஏலக்காய்க்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். கம்பத்திலிருந்து குமுளி வியாபாரிக்கு விற்றால் மாநில எல்லை தாண்டுகிறது; ஒரே வரி, முழு 5 சதவீதம். 4,522.5655 வருகிறது, சுருக்கினால் 4,522.57. அதே மூட்டையை மதுரை வியாபாரிக்கு விற்றால் மத்திய வரி 2.5, மாநில வரி 2.5. ஒவ்வொன்றும் 2,261.28275, ஒவ்வொன்றையும் சுருக்கினால் 2,261.28, இரண்டையும் கூட்டினால் 4,522.56. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பைசா கூடுதல், இந்தப் பக்கம் ஒரு பைசா குறைவு. எந்த எண்ணும் தவறில்லை. ஃப்ளோட் இதில் தலையிடவே இல்லை, எல்லாம் சுத்தமான டெசிமல். சுருக்கிவிட்டுக் கூட்டினோமா, கூட்டிவிட்டுச் சுருக்கினோமா என்பதுதான் வித்தியாசம். கட்ட வேண்டிய வரியை முழு ரூபாய்க்குச் சுருக்கச் சொல்லி மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 170-ம் பிரிவு இருக்கிறது. ஐம்பது பைசாவும் அதற்கு மேலும் என்றால் ஒரு ரூபாய், குறைந்தால் விட்டுவிட வேண்டும். ஆனால் பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் நிற்கும் பைசாவை மென்பொருள் எழுதுகிறவர்தான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

சரிபாதியில் நிற்கும் எண்ணை எந்தப் பக்கம் தள்ளுவது என்பதிலும் இயந்திரத்துக்கு ஒரே புத்தி கிடையாது. மைஎஸ்க்யூஎல்லில் 2.5 என்று எழுதி 'ரவுண்ட்' செய்தால் 3. அதே எண்ணை 25ஈ-1 என்று அறிவியல் முறையில் எழுதி ரவுண்ட் செய்தால் 2. புள்ளி மட்டும் வைத்து எழுதினால் தசமம், பாதிக்கு மேலே தள்ளும். 'ஈ' சேர்த்தால் ஃப்ளோட், அங்கே பாதி வந்தால் பக்கத்தில் இருக்கும் இரட்டை எண்ணுக்குப் போகும். போஸ்ட்கிரெஸிலும் பொதுவாக இப்படித்தான். அது இன்னொரு படி கண்டிப்பு: ஃப்ளோட்டைக் கொடுத்து இரண்டு இலக்கத்துக்கு ரவுண்ட் செய் என்றால் அப்படி ஒரு செயல்பாடே இல்லை என்று மறுத்துவிடும்; முதலில் நியூமரிக்காக மாற்றிக் கொடுக்க வேண்டும். அந்த மறுப்பு ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது அதுதான் மரியாதையான நடத்தை என்று தோன்றுகிறது.

சுருக்காமல் வெட்டிவிடுவது இன்னும் மோசம். கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தை 1982-ல் தன் குறியீட்டு எண்ணை 1000-ல் தொடங்கியது. ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் மறுகணக்குப் போட்டு, மூன்றாவது தசம இலக்கத்துக்குப் பின் வருவதை வெட்டி எறிந்தார்கள். 1983 நவம்பரில் குறியீடு 520-ஐ ஒட்டி நின்றது. முறையாகக் கணக்கிட்டுப் பார்த்தபோது அது 1098-ஐத் தாண்டியிருக்க வேண்டும் என்று தெரிந்தது. ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழான துணுக்குகள், எப்போதும் ஒரே திசையில்.

வகுத்தலில் தரவுதளங்கள் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்வதே இல்லை. 100-ஐ 3-ஆல் வகுத்தால் மைஎஸ்க்யூஎல் 33.3333 என்கிறது, நான்கு இலக்கம் போதும் என்பது அதன் இயல்பு அமைப்பு. போஸ்ட்கிரெஸும் எஸ்க்யூஎல் சர்வரும் 33 என்கின்றன. இரண்டும் முழு எண் என்பதால் விடையும் முழு எண். ஒன்றை 100.0 என்று எழுதிவிட்டால்தான் புள்ளி எட்டிப்பார்க்கும். மூன்று அண்ணன் தம்பிகளின் தோட்டத்து வருமானம் பத்தாயிரம் ரூபாயைப் பங்கிட்டால் ஆளுக்கு 3,333.33. மூன்றையும் கூட்டினால் 9,999.99. எந்த வகையை வைத்தாலும் அந்த ஒரு பைசா வெளியே நிற்கும். இரண்டு பேருக்குக் கணக்குப் போட்டுவிட்டு மூன்றாமவருக்கு மிச்சத்தை எழுதுவதுதான் கணக்குப்பிள்ளையின் வழக்கம். வினவலிலும் நான் அப்படியே எழுதிவிட்டேன்.

மருமகன் கொண்டுவந்த இன்னொரு சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன். பழைய கணக்கை எக்செல்லிலிருந்து எடுத்துத் தந்தார். தொகைகள் '1,25,000.50' என்று காற்புள்ளியோடு எழுத்துச் சரமாக இருந்தன. அதை டெசிமலாக மாற்றச் சொன்னால் போஸ்ட்கிரெஸ் முடியாது என்று கத்தும். மைஎஸ்க்யூஎல்லில் ஒரு 'செலக்ட்' வினவலுக்குள் மாற்றினால், முதல் காற்புள்ளி வரை படித்துவிட்டு 1.00 என்று தரும். எச்சரிக்கையைத் தனியாக ஓர் ஓரத்தில் வைத்திருக்கும். ஒன்றேகால் லட்சம் ஒரு ரூபாய் ஆகிவிட்டது! முதலில் காற்புள்ளிகளை நீக்கிவிட்டு மாற்ற வேண்டும்.

அட்டவணை சரியாக இருந்தும் வழியில் கெடுவது கடைசி வகை. தரவுதளத்தில் டெசிமலாக இருக்கும் தொகை, ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழியில் சாதாரண எண்ணாக இறங்கியதுமே டபுள் ஆகிவிடுகிறது. போஸ்ட்கிரெஸோடு பேசும் நோட்.ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் சூழல்) இணைப்பு நூலகம் நியூமரிக்கை எண்ணாகத் தராமல் எழுத்துச் சரமாகத் தருவது இதனால்தான். பைத்தானிலும் ஜாவாவிலும் தசமத்துக்கென்றே தனி வகைகள் இருக்கின்றன. அவற்றையே பயன்படுத்த வேண்டும்.

சீட்டுகளை ஏற்றி முடித்த இரண்டாம் நாள் மாலை, குமுளிக்குப் போட்ட பட்டியலையும் மதுரைக்குப் போட்ட பட்டியலையும் கணக்குப்பிள்ளை முன்னால் விரித்து வைத்து, அந்த ஒரு பைசா எங்கிருந்து வருகிறது என்று விளக்கினேன். மென்பொருளில் எங்கே சுருக்குவது என்று அவர்தான் சொல்ல வேண்டும் என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார்.

"வரிக்கு வரி சுருக்கு தம்பி. பட்டியலில் கண்ணுக்குத் தெரிகிறதைக் கூட்டினால் அடியில் இருக்கிற மொத்தம் வர வேண்டும். வாங்குகிறவன் அதைத்தான் கூட்டிப் பார்ப்பான்."

"அப்படியானால் அந்த ஒரு பைசா, ஐயா?"

பேரேட்டில் வெற்றுப் பக்கம் ஒன்றைத் திருப்பி, தலைப்பில் 'சில்லறை வித்தியாசம்' என்று எழுதினார். கீழே தேதி போட்டு, முதல் வரியில் 0.01 என்று பற்று வைத்தார்.